எக்ஸ்எம்எல் பார்சர் ரெஃபரன்ஸைத் திருத்தி எழுதுகிறேன்: எதை எங்கே வைப்பது?

அரசலாற்றங்கரை (கேள்வி)

வணக்கம். கும்பகோணத்தில் ஒரு சின்ன அலுவலகத்தில் வேலை செய்கிறேன். பழைய தமிழ் அச்சு நூல்களுக்குப் பட்டியல் தயாரித்துக் கொடுப்பது எங்கள் தொழில். நூலின் பெயர், ஆசிரியர், அச்சான ஊர், ஆண்டு, பக்கம், படி இப்போது யாரிடம் இருக்கிறது, எல்லாம் எக்ஸ்எம்எல் கோப்பாக, அதாவது ஒவ்வொரு தகவலும் பெயரிட்ட திறப்பு, மூடல் குறிகளுக்கு (டேக்) நடுவில் இருக்கிற கோப்பாக இருக்கும். அதைப் படிப்பதற்கு ஆறு வருஷத்துக்கு முன் நான் ஒரு லைப்ரரி எழுதினேன். பார்சரை, அதாவது கோப்பைப் பிரித்துப் படிக்கும் பகுதியை, நானே எழுதவில்லை. உள்ளே இருப்பது எக்ஸ்பாட் என்ற பார்சர், அதன்மேல் சி-யில் ஒரு மெல்லிய உறை மட்டும் என்னுடையது. முழுக் கோப்பையும் நினைவகத்தில் ஏற்றி மரமாகக் கட்டுகிற வகை இல்லை. டேக் திறந்தால் ஒரு அழைப்பு, எழுத்து வந்தால் ஒரு அழைப்பு, டேக் மூடினால் ஒரு அழைப்பு என்று நாம் எழுதிக் கொடுத்த ஃபங்ஷன்களை, அதாவது ஹேண்ட்லர்களைக் கூப்பிட்டுக்கொண்டே போகும்.

லைப்ரரி ஆறு வருஷமாக ஒழுங்காக ஓடுகிறது. அதற்கு நான் எழுதிய ரெஃபரன்ஸ், அதாவது எந்த ஃபங்ஷன் என்ன செய்யும் என்று சொல்லும் கையேடுதான் சரியில்லை. போன மாதம்தான் அது எவ்வளவு மோசம் என்று தெரிந்தது.

வலங்கைமானிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிற ஒரு தம்பி, கல்லூரி முடித்த கையோடு எங்களிடம் சேர்ந்தவர். பட்டியலை ஊர்வாரியாகப் பிரித்து அச்சுக்குக் கொடுக்கும் நிரல் ஒன்றை அவரிடம் எழுதச் சொன்னேன். 12 நூல் உள்ள மாதிரிக் கோப்பில் ஓட்டிப் பார்த்தார், எல்லாம் சரியாக வந்தது. அப்புறம் 11 எம்பி கோப்பை ஓட்டி, அச்சுப்படி எடுத்து வாடிக்கையாளருக்கு அனுப்பினோம். இரண்டாம் நாள் அவர் போன் செய்தார். "முன்னால ஒரு கொம்பு, நடுவுல புள்ளி வட்டம், ஒரு கால், அப்புறம் 'ணம்'னு போட்டிருக்கு. இது எந்த ஊரும்மா?"

அந்தத் தம்பி மூன்று நாள் தேடினார். எழுத்துரு கோளாறா என்று பார்த்தார். தட்டச்சு செய்தவர் தப்பாக அடித்திருப்பாரோ என்று மூலக் கோப்பைத் திறந்தார், அதில் கும்பகோணம் முழுசாக இருந்தது. யூனிகோட் மாற்றும் இடத்தில் சிக்கலோ என்று அதையும் பிரித்துப் போட்டார். கடைசியில் என்னிடம் வந்தபோது, ஹேண்ட்லர்கள் ஒவ்வொன்றிலும் ஒரு வரி அச்சடிக்கச் சொல்லி ஓட்டினோம். வந்தது இதுதான்:

திறப்பு: ஊர்
எழுத்து: கும்பக
எழுத்து: ோணம்
மூடல்: ஊர்

எங்கள் லைப்ரரி கோப்பை ஒரு தடவைக்கு 65,536 பைட் வாங்கிப் பார்சருக்குக் கொடுக்கிறது. கும்பகோணம் என்பது கண்ணுக்கு 6 எழுத்து, யூனிகோடில் 10 குறி, கோப்பில் சேமிக்கிற யூடிஎஃப்-8 முறையில் ஒரு குறிக்கு 3 பைட் வீதம் 30 பைட். வெட்டு ஒரு குறியின் மூன்று பைட்டுக்கு நடுவில் விழுந்தால் எக்ஸ்பாட் அரைகுறையாக வந்த பைட்டைப் பிடித்துவைத்துக்கொள்ளும், அடுத்த தொகுதி வந்ததும் சேர்த்துத்தான் கொடுக்கும். அதில் பழுதே வராது. ஆனால் க-வுக்கும் ோ-வுக்கும் நடுவில் விழுந்தால் பிடித்துவைக்க ஒன்றும் இல்லை. நமக்குத்தான் 'கோ' ஒரே எழுத்து, அதற்கு அவை முழுமையான இரண்டு குறிகள். கையில் இருந்ததைக் கொடுத்துவிட்டு, மீதியை இன்னொரு அழைப்பில் கொடுத்தது. தம்பியின் ஹேண்ட்லர் ஒவ்வொரு தடவையும் பழையதன் மேலேயே எழுதியதால் கடைசித் துண்டு மட்டும் தங்கியது. 11 எம்பியில் இப்படி 175 வெட்டு. டேக்குக்குள் விழுந்தவை எதையும் கெடுக்கவில்லை, டேக் முழுசாகச் சேரும் வரை எக்ஸ்பாட் காத்திருக்கும். எழுத்துக்குள் விழுந்தவைதான் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பெயர்களைத் தின்றிருந்தன. மாதிரிக் கோப்பு ஒரே தொகுதிக்குள் அடங்கிவிட்டதால் அதில் வெட்டே கிடையாது.

சரி, ரெஃபரன்ஸில் நான் என்ன எழுதியிருந்தேன்? எழுத்து ஹேண்ட்லருக்கு நேராக இரண்டே வரி: "எழுத்துத் தரவு வரும்போது இந்த ஹேண்ட்லர் அழைக்கப்படும். சுட்டியும் நீளமும் தரப்படும்." (சுட்டி என்றால் எழுத்து நினைவகத்தில் தொடங்கும் இடம்.) பதினான்காம் பக்கத்தில் "பொதுக் குறிப்புகள்" என்று ஒரு பகுதி. அதில் ஒன்பதாவது குறிப்பு: "தரவு துண்டுகளாக வரலாம்." எழுதியாகிவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். தம்பி அந்தப் பக்கத்துக்குப் போகவே இல்லை. போயிருந்தாலும் பயன் இருந்திருக்குமா என்று இப்போது யோசிக்கிறேன். ஏனென்றால் அந்த 'வரலாம்' சரியான சொல் இல்லை.

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், என்னை ஒரு வாரமாக அரிப்பது இதுதான். தமிழில் 'வரலாம்' என்றால் வர வாய்ப்பு உண்டு என்றும் பொருள், வருவதற்கு அனுமதி உண்டு என்றும் பொருள். "மழை வரலாம்", "உள்ளே வரலாம்", இரண்டுக்கும் ஒரே சொல். அதற்கு மேல், மழை வரலாம் என்று யாராவது சொன்னால் நம்மில் பாதிப் பேர் குடை எடுப்பதில்லை. எப்போதாவது நடக்கும், நமக்கு நடக்காது என்கிற தொனி அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. நிரல் எழுதுகிறவருக்குத் தேவையானது நேர் எதிரானது: எப்போதும் துண்டாகத்தான் வரும் என்று வைத்துக்கொண்டு எழுது, முழுசாக வந்தால் உன் அதிர்ஷ்டம்.

'முடியாது', 'கூடாது' இரண்டிலும் இதே கதைதான். "ஹேண்ட்லருக்குள்ளிருந்து பார்சரை விடுவிக்க முடியாது" என்று ஒரு இடத்தில் எழுதியிருந்தேன். படிக்கிறவர் என்ன நினைப்பார்? முயன்றால் லைப்ரரி தடுத்துவிடும், பிழை எண் ஒன்று திரும்பி வரும் என்றுதானே? அப்படி ஒன்றும் தடுக்காது. பார்சர் பிடித்திருந்த நினைவகத்தைத் தாராளமாக விடுவிக்கும், அப்புறம் ஹேண்ட்லர் முடிந்து திரும்பும்போது இல்லாத நினைவகத்தைத் தொட்டு நிரல் விழும். அங்கே வர வேண்டிய சொல் 'கூடாது'. முடியாது என்றால் லைப்ரரி காவல் நிற்கிறது, கூடாது என்றால் காவல் நம்முடையது. இரண்டையும் நான் ரெஃபரன்ஸ் முழுக்க மாற்றி மாற்றி இறைத்திருக்கிறேன்.

ஆங்கில ரெஃபரன்ஸைப் படிக்கச் சொல்லிவிட்டுப் போகலாமே என்று யாராவது கேட்கலாம். எங்களிடம் சேருகிறவர்கள் பெரும்பாலும் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவர்கள். ஆங்கிலம் படிப்பார்கள், புரியும். ஆனால் அங்கே ஒரு வினைச்சொல்லுக்குள் ஒளிந்திருக்கிற எச்சரிக்கை கண்ணில் படாமல் போய்விடும். அதற்காகத்தான் தமிழில் எழுதத் தொடங்கினேன். தமிழில் எழுதியும் நானே அதை ஒளித்துவைத்துவிட்டேன். மூன்று நாளும் அந்தத் தம்பி தன்னைத்தான் சந்தேகப்பட்டார் என்பது எனக்கு ரொம்ப வருத்தம்.

முழுசாகத் திருத்தி எழுதப் போகிறேன். உங்களிடம் கேட்க வேண்டியவை: ஃபங்ஷன்களை அகரவரிசையில் வைப்பதா, அல்லது ஒரு கோப்பு ஓடும்போது அழைப்புகள் வருகிற வரிசையிலா? துண்டாக வருவது போன்ற விஷயங்களை ஒவ்வொரு ஹேண்ட்லருக்குக் கீழும் திரும்பத் திரும்ப எழுதினால் படிக்கிறவருக்குச் சலிப்புத் தட்டுமா? அப்புறம் கலைச்சொல். எலிமென்ட் (திறப்பு டேக்கிலிருந்து மூடல் டேக் வரை உள்ளது), அட்ரிப்யூட் (திறப்பு டேக்குக்குள் எழுதும் பெயரும் மதிப்பும்), ஹேண்ட்லர் என்றே விடுவதா, உறுப்பு, பண்பு, கையாளி என்று மாற்றுவதா? இதில் எங்கள் அலுவலகத்துக்குள்ளேயே இரண்டு கட்சி.

---

திருவையாறு (பதில்)

அம்மா, நல்ல கேள்வி. முப்பது வருஷம் சி எழுதிவிட்டு ஓய்வு பெற்றவன் நான், அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

வரிசையைப் பற்றி முதலில். அகரவரிசையைக் கைவிட்டுவிடாதீர்கள். ரெஃபரன்ஸை முதல் பக்கத்திலிருந்து யாரும் படிப்பதில்லை. வேலை நடுவில், ஒரு பெயரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வருகிறவனுக்குத்தான் அது. ஆனால் உள்ளே முழுக்க அகரவரிசை வேண்டியதில்லை, எக்ஸ்பாட்டின் சொந்த ரெஃபரன்ஸையே பாருங்கள். பார்சரை உருவாக்குவது, கோப்பை ஊட்டுவது, ஹேண்ட்லரை அமைப்பது, பிழையும் இடமும் அறிவது என்று வேலைவாரியாகத்தான் ஃபங்ஷன்களைக் குழு பிரித்திருக்கிறது. அதற்கு முன்னால் ஒரு முன்னுரை. பார்சரை உருவாக்கும் ஃபங்ஷன், எலிமென்ட் ஹேண்ட்லர் அமைப்பது, எழுத்து ஹேண்ட்லர் அமைப்பது, பார்ஸ் செய்வது என்று நாலு ஃபங்ஷனை முதலில் பிடித்துக்கொள் என்று சொல்லிவிட்டுத்தான் மற்றதற்குப் போகிறது. அந்த அமைப்பு எனக்குப் பிடிக்கும். நீங்களும் நாலு பக்கத்துக்கு முன்னுரை எழுதி, அதில் நிகழ்வு வரிசையைக் காட்டுங்கள். உள்ளே குழு பிரித்துக்கொள்ளுங்கள். கடைசியில் அகரவரிசைச் சுட்டி (இன்டெக்ஸ்) ஒன்று போதும்.

திரும்பத் திரும்ப எழுதுவது பற்றி: எழுதுங்கள். சலிப்பு உங்களுக்குத்தான் தட்டும், ஏனென்றால் நீங்கள் ஒருவர்தான் அதை முழுசாகப் படிப்பீர்கள். மற்றவர்கள் ஒரே ஒரு ஹேண்ட்லரைப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள். இந்தச் சிக்கல் எக்ஸ்பாட்டோடு நிற்பதும் இல்லை. 1998 பிப்ரவரியில் எக்ஸ்எம்எல் 1.0 பரிந்துரையாக வெளிவந்தது. அந்த மே மாதமே, எக்ஸ்எம்எல்-டெவ் மடற்குழுவில் பேசிப் பேசி டேவிட் மெகின்சன் ஒருங்கிணைத்த சாக்ஸ் 1.0, இதே மாதிரி ஹேண்ட்லரைக் கூப்பிடும் பார்சர்களுக்கான பொது இடைமுகம், வந்துவிட்டது. அதிலும் எழுத்து துண்டாகத்தான் வரும். ஜாவாவில் ஒரு எழுத்து வரிசையும், தொடக்க இடமும், நீளமும் கொடுப்பார்கள். அந்த எல்லைக்கு வெளியே படிக்கக் கூடாது என்று அங்கேயே எழுதியும் இருக்கிறது. வரிசை முழுவதையும் ஸ்ட்ரிங்காக மாற்றி, முந்தின எலிமென்ட்டின் வால் ஒட்டிக்கொண்டு வந்த நிரல்களை நானே திருத்தியிருக்கிறேன்.

உங்கள் எழுத்து ஹேண்ட்லரிலும் சுட்டி, நீளம் என்று மட்டும் சொல்லி நிறுத்திவிட்டீர்கள். அந்த ஸ்ட்ரிங்கின் முடிவில் சுழிய பைட் (முடிவைக் காட்டும் 0) கிடையாது என்பதையும் சொல்லுங்கள். சி படித்த பிள்ளை, ஸ்ட்ரிங் என்றதும் சுழியத்தில் முடியும் என்று கையாலேயே எழுதிவிடும். அந்தச் சுட்டி ஹேண்ட்லர் முடியும் வரைதான் செல்லும், வேண்டுமானால் நகல் எடுத்து வைத்துக்கொள் என்று சொல்லுங்கள். அட்ரிப்யூட் வரிசையிலும் அப்படித்தான். பெயர், மதிப்பு, பெயர், மதிப்பு என்று மாறி மாறி வந்து நல் (எதையும் காட்டாத) சுட்டியில் முடியும். அதையும் பத்திரப்படுத்தி வைக்கக் கூடாது.

இன்னொன்று, இதை எங்கள் ஆட்கள் நிறையப் பேர் தவற விட்டிருக்கிறார்கள். ஹேண்ட்லருக்குள் பார்சரை விடுவிக்கக் கூடாது என்று எழுதினால் போதாது, நடுவில் நிறுத்த வேண்டியிருந்தால் என்ன செய்வது என்றும் அதே இடத்தில் எழுத வேண்டும். நிறுத்துவதற்கென்று எக்ஸ்பாட்டில் தனி ஃபங்ஷன் இருக்கிறது. ஆனால் அதைக் கூப்பிட்ட கணமே எல்லாம் ஓய்ந்துவிடாது. உதாரணத்துக்கு <குறிப்பு/> என்று ஒரு வெற்று எலிமென்ட், உள்ளே எழுத்தே இல்லாமல் ஒரே டேக்கில் திறந்து மூடுவது. அதன் திறப்பு ஹேண்ட்லரில் நிறுத்தச் சொன்னாலும், மூடல் ஹேண்ட்லர் ஒருமுறை வந்துவிட்டுத்தான் போகும். நிறுத்திவிட்டோம் என்ற தைரியத்தில் திறப்பிலேயே தன் தரவின் நினைவகத்தை விடுவித்தவன் மூடலில் மாட்டுவான்.

---

கடைமடைக்காரன் (பதில்)

வேதாரண்யம் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். நிரல் எழுதுவது பக்கத் தொழில்தான், வயலும் உண்டு. உங்கள் பதினான்காம் பக்கத்து ஒன்பதாவது குறிப்பைப் படித்ததும் எனக்கு எங்கள் ஊர் ஞாபகம்தான் வந்தது. ஜூன் 12 மேட்டூர் திறந்தார்கள் என்று செய்தி வரும். கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரித்து விடுவார்கள். எங்களுக்கு அது வந்து சேர எத்தனையோ நாள் ஆகும், சில வருஷம் வாய்க்காலில் ஈரம்கூட இருக்காது. கணக்கில் தண்ணீர் விட்டதாகத்தான் இருக்கும். உங்கள் எச்சரிக்கையும் எழுதியதாகக் கணக்கில் இருந்திருக்கிறது, வயலுக்கு வரவில்லை.

ஒரு யோசனை. இந்த மாதிரிப் பார்சரைப் புதிதாக வருகிறவர்களுக்கு மடையை வைத்தே விளக்கலாமே. ஏரியில் நிற்கிற தண்ணீரை எப்போது வேண்டுமானாலும் போய் மொண்டுகொள்ளலாம். மடையில் ஓடுகிற தண்ணீர் அப்படி இல்லை. வரும்போது பாய்ச்சிக்கொள்ள வேண்டும், போனது திரும்பாது. முறை வைத்து விடுவதால் விட்டு விட்டுத்தான் வரும். முன்னுரையில் ஒரு பத்தி இப்படி வைத்தால் நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபடும்.

---

அரசலாற்றங்கரை

கடைமடைக்காரன் அவர்களே, நீங்கள் சொன்ன ஒப்பீடு மனசில் தைத்தது. எச்சரிக்கை தலைமடையில் இருக்க வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

மடை உவமையை முதல் வரைவில் நானும் எழுதியிருந்தேன், நீங்கள் சொன்னது போலவே. அப்புறம் எடுத்துவிட்டேன். காரணம் சொல்கிறேன். அதைப் படித்த ஒரு பெண், "அப்போ தண்ணீர் மாதிரி எங்கே வேண்டுமானாலும் வெட்டுப்படுமா, டேக் பெயர்கூடப் பாதிதான் வருமா?" என்று கேட்டாள். வராது. டேக் பெயரும் அட்ரிப்யூட்டும் எப்போதும் முழுசாகத்தான் வரும், எழுத்து மட்டும்தான் துண்டாகும். உவமையை நம்பினால் அந்த வித்தியாசம் மறைந்துவிடுகிறது. நேரில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கும்போது மடை நல்ல துணை, உடனே கேள்வி கேட்டுத் தெளிந்துகொள்ளலாம். ராத்திரி பத்து மணிக்குத் தனியாக ரெஃபரன்ஸைப் பிரித்து உட்கார்ந்திருக்கிறவருக்கு எது உண்டு, எது இல்லை என்ற நேர்ச்சொல்தான் வேண்டும்.

திருவையாறு ஐயா, வெற்று எலிமென்ட் விஷயம் எனக்கே தெரியாது. இன்று காலை ஓட்டிப் பார்த்தேன், நீங்கள் சொன்னபடியே மூடல் வந்தது. ரொம்ப நன்றி.

---

வலங்கைமான் 2 (பதில்)

அக்கா, அந்தத் தம்பி நான்தான். லிங்கை நீங்கள்தான் அனுப்பினீர்கள், படித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை.

பெரியவர் சொன்னதில் ஒன்றில் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு, தப்பாக நினைக்க வேண்டாம் ஐயா. ஒரு பெயரைக் கையில் பிடித்துக்கொண்டு வருகிறவனுக்குத்தான் ரெஃபரன்ஸ் என்றீர்கள். அந்த மூன்று நாளும் என் கையில் எந்தப் பெயரும் இல்லை. எழுத்து ஹேண்ட்லர் மேல் எனக்குச் சந்தேகமே வரவில்லை, அது 12 நூலுக்கும் சரியாக வேலை செய்ததே. என்னிடம் இருந்தது ஒரு அறிகுறி மட்டும்: பாதி வார்த்தை காணோம். நான் ரெஃபரன்ஸில் 'பாதி', 'வெட்டு', 'புள்ளி வட்டம்', 'யூனிகோட்' என்றெல்லாம் தேடிப் பார்த்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை. அகரவரிசைச் சுட்டி போடும்போது அறிகுறிகளுக்கும் ஒரு சுட்டி போடுங்கள் அக்கா. "வார்த்தையின் பின்பாதி மட்டும் வருகிறது: எழுத்து ஹேண்ட்லரைப் பார்க்க." "இரண்டு டேக்குக்கு நடுவில் வெறும் இடைவெளிக்கு அழைப்பு வருகிறது: அதுவும் எழுத்துதான்." இந்த இரண்டாவதில் நான் முதல் வாரமே தடுமாறினேன். உள்தள்ளி எழுதிய கோப்பில் ஒவ்வொரு வரி முடிவும், வரி தொடக்கத்து இடைவெளியும் எழுத்து ஹேண்ட்லருக்கு வந்துகொண்டே இருந்தன.

அப்புறம் பிழை இடம். பார்சர் வரி 1-இலிருந்து எண்ணுகிறது, பத்தியை (வரிக்குள் எத்தனையாவது இடம் என்பதை) 0-விலிருந்து எண்ணுகிறது. எடிட்டரில் இரண்டும் 1-இலிருந்து. ஒவ்வொரு தடவையும் பிழைக்கு ஒரு இடம் முன்னால் போய் நின்று, இங்கே என்ன தப்பு என்று முழித்திருக்கிறேன்.

கலைச்சொல் பற்றி. எலிமென்ட், அட்ரிப்யூட் என்றே விட்டுவிடுங்கள். 'பண்பு' என்று படித்துவிட்டு, நிரலில் இருக்கிற பெயரோடு நானே மனசுக்குள் முடிச்சுப் போட வேண்டியிருக்கிறது, அது ஒரு கூடுதல் வேலை. பிழைச்செய்தி வேறு ஆங்கிலத்தில்தான் வரும். தமிழ் வேண்டியது நீங்கள் சொன்ன அந்த வினைச்சொல்லில்தான். 'கூடாது'க்கும் 'முடியாது'க்கும் உள்ள வித்தியாசத்தைச் சொன்னீர்களே, அது எனக்கு ஆங்கிலத்தில் யாரும் சொல்லிப் புரிந்ததில்லை.

எனக்கு உண்மையிலேயே உதவியது அந்த நாலு வரி அச்சு. திறப்பு, எழுத்து, எழுத்து, மூடல். அதைப் பார்த்த நிமிஷமே புரிந்துவிட்டது. ஒவ்வொரு ஹேண்ட்லருக்குக் கீழும் அப்படி ஒன்று இருந்தால் விளக்கமே பாதி தேவைப்படாது.

---

திருவையாறு

தம்பி, தப்பாக நினைக்க என்ன இருக்கிறது. நீ சொல்வதுதான் சரி. பெயர் தெரிந்து வருகிறவன் நான், அதனால் அப்படியே எல்லோரையும் நினைத்துவிட்டேன். அறிகுறிச் சுட்டி அவசியம் வேண்டும்.

மாதிரிக் கோப்பில் ஒரு & குறியும் இருக்கட்டும். பழைய பதிப்பகப் பெயர்களில் '& சன்ஸ்', '& கோ' என்று நிறைய வருமே. கோப்பில் அது என்டிட்டியாக, அதாவது மாற்றுக் குறியீடாகத்தான் இருக்க வேண்டும். எக்ஸ்பாட் அதைத் தனி அழைப்பாகக் கொடுக்கும்: முன்னால் உள்ளது ஒன்று, & ஒன்று, பின்னால் உள்ளது ஒன்று. தொகுதி வெட்டே இல்லாத சின்னக் கோப்பிலும் மூன்று துண்டு. உங்கள் 12 நூலில் ஒன்றில் அது இருந்திருந்தால் முதல் நாளே பிடிபட்டிருக்கும்.

---

அரசலாற்றங்கரை

தம்பி, நீங்கள் இங்கே வந்து எழுதியது எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா. அறிகுறிச் சுட்டி என்ற யோசனை எனக்குத் தோன்றவே இல்லை. நான் எழுதினவள், எனக்கு எல்லாப் பெயரும் தெரியும், அதனால் தேடிப் பார்த்ததே கிடையாது. உங்களைத் தவிர வேறு யாரும் இதைச் சொல்லியிருக்க முடியாது.

நேற்று ராத்திரி எழுத்து ஹேண்ட்லர் பகுதியை மட்டும் புதிதாக எழுதிவிட்டேன். படித்துப் பார்த்துச் சொல்லுங்கள்:

"எழுத்து ஹேண்ட்லர். டேக்குகளுக்கு நடுவில் உள்ள எழுத்து இங்கே வரும். வரி முடிவும் இடைவெளியும் எழுத்தே.

ஒரே எலிமென்ட்டின் எழுத்து பல அழைப்புகளில் துண்டு துண்டாக வரும் என்றே வைத்துக்கொண்டு எழுதவும். முழுசாக ஒரே அழைப்பில் வரும் என்று நம்பக் கூடாது. துண்டு எங்கே விழும் என்பதற்கு உறுதி இல்லை. உயிர்மெய்யின் நடுவிலும் விழும்: 'கோ' என்பதில் க ஒரு அழைப்பிலும் ோ அடுத்த அழைப்பிலும் வரும். ஒரு யூனிகோட் குறியின் பைட்டுகள் மட்டும் ஒருபோதும் பிரியாது.

செய்ய வேண்டியது: திறப்பு ஹேண்ட்லரில் பஃபரை (துண்டுகளைச் சேர்த்துவைக்கும் இடத்தை) காலி செய்யவும். இங்கே வருவதைப் பஃபரின் கடைசியில் சேர்க்கவும். மூடல் ஹேண்ட்லரில் பஃபரைப் பயன்படுத்தவும், அதற்கு முன் தொடக் கூடாது.

சுட்டி இந்த அழைப்பு முடியும் வரை மட்டுமே செல்லும். முடிவில் சுழிய பைட் கிடையாது, நீளத்தை மட்டும் நம்பவும். ஹேண்ட்லருக்குள்ளிருந்து பார்சரை விடுவிக்கக் கூடாது. லைப்ரரி தடுக்காது, நிரல் விழும். நடுவில் நிறுத்த வேண்டுமானால் நிறுத்தும் ஃபங்ஷனைப் பார்க்கவும்."

இதன் கீழே அந்த நாலு வரி அச்சு, ோணம் உட்பட அப்படியே. திறப்பில் பஃபரைக் காலி செய்வது எங்கள் பட்டியலுக்குச் சரி, எங்கள் ஊர், ஆசிரியர் எல்லாம் உள்ளே வேறு டேக் இல்லாத எலிமென்ட்கள். எழுத்துக்கு நடுவில் இன்னொரு டேக் வருகிற கோப்பென்றால் இந்த முறை போதாது, அதற்கு அடுக்காக பஃபர் வேண்டும். அதையும் ஒரு வரி சேர்க்கிறேன்.

'வரலாம்' என்ற சொல்லை ரெஃபரன்ஸ் முழுக்கத் தேடினேன், 31 இடத்தில் இருந்தது. ஒவ்வொன்றையும் நிறுத்தி, இது வாய்ப்பா, அனுமதியா என்று கேட்டு மாற்றிக்கொண்டு வருகிறேன். வாய்ப்பு என்றால் 'வரும் என்றே வைத்துக்கொள்ளவும்', அனுமதி என்றால் 'செய்ய உரிமை உண்டு'. கொஞ்சம் விறைப்பாகத்தான் இருக்கிறது படிக்க. பரவாயில்லை.

சோதனையிலும் ஒரு மாற்றம். மாதிரிக் கோப்பை 65,536 பைட்டுக்குப் பதில் ஒரு பைட், ஒரு பைட்டாகப் பார்சருக்கு ஊட்டும்படி ஒரு சோதனை எழுதிவிட்டேன். கும்பகோணத்துக்கு மட்டும் பத்து அழைப்பு வருகிறது. தம்பியின் பழைய ஹேண்ட்லரை அதில் ஓட்டினால் 12 நூலிலும் ஊர் பெயர் வெறும் புள்ளியாக, அதாவது கடைசி ம்-இன் புள்ளி மட்டுமாக வருகிறது. ரெஃபரன்ஸில் இந்தச் சோதனையை முன்னுரையிலேயே வைக்கிறேன், புதிதாக ஹேண்ட்லர் எழுதுகிற யாரும் முதலில் இதில் ஓட்டிவிட்டு வரட்டும்.

---

கடைமடைக்காரன்

அக்கா, மடை உவமையை நீங்கள் எடுத்த காரணம் நியாயம்தான். வாய்மொழிக்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

ஒரு சின்னக் கேள்வி. நீங்கள் டேக் பெயரையே தமிழில் வைத்திருக்கிறீர்களே, ஊர், நூல், குறிப்பு என்று. நானும் அப்படிச் செய்தபோது ஒரு கோப்பில் மட்டும் பார்சர் பிழை கொடுத்தது. <ஶ்ரீ> என்று ஒரு டேக் இருந்தது, முதலெழுத்து ஶ. அதை ஸ-வாக மாற்றினால் ஓடுகிறது. ஏன் என்று இன்றுவரை பிடிபடவில்லை.

---

திருவையாறு

அதற்குக் காரணம் உண்டு. எக்ஸ்பாட் பின்பற்றுவது எக்ஸ்எம்எல் 1.0-இன் நான்காம் பதிப்பு. டேக் பெயரில் எந்தெந்த எழுத்து வரும் என்று அதில் ஒரு பட்டியலே இருக்கிறது. தமிழ் எழுத்துகள் அதில் உண்டு. ஆனால் ஶ என்ற எழுத்து யூனிகோடுக்குள் வந்ததே 2005-இல், 4.1 பதிப்பில். அந்தப் பட்டியல் அதற்கு முந்தின யூனிகோடை வைத்துப் போட்டது, அதனால் ஶ அதில் இல்லை. 2008-இல் வந்த ஐந்தாம் பதிப்பு இந்த விதியைத் தளர்த்திவிட்டது, ஆனால் எக்ஸ்பாட் நான்காம் பதிப்பிலேயே நிற்கிறது. டேக் பெயரில்தான் இந்தச் சிக்கல். டேக்குகளுக்கு நடுவில் வரும் எழுத்தில் ஶ தாராளமாக இருக்கட்டும், ஒன்றும் ஆகாது.

---

அரசலாற்றங்கரை

ஐயா, இது திறப்பு ஹேண்ட்லருக்குக் கீழே போகிறது, அறிகுறிச் சுட்டியிலும் "தமிழ் டேக் பெயரில் ஒன்றுக்கு மட்டும் பிழை" என்று போடுகிறேன். எங்கள் பட்டியலில் 'ஶ்ரீ' என்று தொடங்கும் நூல் பெயர்கள் ஏராளம், எல்லாம் எழுத்தாகத்தான் இருக்கின்றன, டேக்காக ஒன்றும் இல்லை. இருந்தாலும் நாளைக் காலை தம்பி வந்ததும் ஒருமுறை முழுக் கோப்பிலும் தேடிப் பார்த்துவிடச் சொல்கிறேன்.